உலோகமும் சோர்ந்துபோகும்

“சோறுதானே தின்றேன், அதற்கா உடைந்தது?” தாடையில் பதித்த டைட்டானியம் இம்ப்ளான்ட் முறிந்துபோனவர் இப்படிக் கேட்டால் அது நியாயமான கேள்விதான். இடுப்பு மூட்டு மாற்று அறுவையிலும் விமான உதிரிபாகங்களிலும் பயன்படுகிற உலோகம் அது. பல்லைப் போலச் சொத்தை விழாது, துருவும் பிடிக்காது. அப்படிப்பட்டது குழைந்த சோற்றுக்கு முறிந்தால், மட்டமான பொருளைப் போட்டு ஏமாற்றிவிட்டார்கள் என்று நோயாளிக்குத் தோன்றுகிறது. கடிக்கக் கூடாத எதையோ கடித்திருப்பார் என்று மருத்துவருக்குத் தோன்றுகிறது. இருவருமே அன்றைக்கு நடந்ததைத் தேடுகிறார்கள். ஆனால் பெரும்பாலான முறிவுகளுக்குக் காரணம் அன்றைய சாப்பாட்டில் கிடைக்காது. பல ஆண்டுகளுக்கு முன்பு போட்ட திட்டத்திலும், இடையில் கவனிக்காமல் விட்ட சில அறிகுறிகளிலும்தான் அது கிடைக்கும். இம்ப்ளான்ட் ஒரே நாளில் உடைவதில்லை. மெல்ல மெல்லத்தான் உடைகிறது, அநேகமாக முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் உடைகிறது. அந்தச் சொல்லைக் கேட்கப் பழகினால் பெரும்பாலான முறிவுகளைத் தவிர்க்கலாம்.

எது உடைகிறது என்பதில் முதலில் தெளிவு வேண்டும். இம்ப்ளான்ட் என்று ஒரே சொல்லில் நாம் சொல்வது மூன்று பகுதிகள் சேர்ந்தது. எலும்புக்குள் இறங்கியிருக்கும் மரை வெட்டிய டைட்டானியம் வேர் முதலாவது. அதன் மேல் ஈறு வழியாக எழும்பி நிற்கும் அபட்மென்ட் என்கிற இணைப்புத் தண்டு இரண்டாவது. அதற்கும் மேலே கண்ணுக்குத் தெரிகிற பல், அதாவது கேப், மூன்றாவது. தண்டையும் வேரையும் பிணைத்து வைத்திருப்பது உள்ளே ஓடும் ஒரு குட்டித் திருகாணி. இம்ப்ளான்ட் உடைந்துவிட்டது என்று வருகிறவர்களில் பலருக்கு உண்மையில் பெயர்ந்திருப்பது கேப்பின் பீங்கான் விளிம்பாக இருக்கும், அல்லது திருகாணி தளர்ந்து பல் ஆடிக்கொண்டிருக்கும். இவற்றைச் சரிசெய்துவிடலாம். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், முதல் ஐந்து ஆண்டுகளில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் திருகாணி தளர்கிறது என்றும், எலும்புக்குள் இருக்கும் வேரே முறிவது நூற்றுக்கு ஒன்றுக்கும் வெகு குறைவு என்றும் கணக்கிட்டிருக்கிறார்கள். இந்த இரண்டு எண்களையும் தனித்தனியாகப் பார்க்கக் கூடாது. அடிக்கடி நடக்கும் சின்னக் கோளாறை அலட்சியம் செய்யும்போதுதான், அரிதாக நடக்கும் பெரிய கோளாறுக்கு வழி திறக்கிறது.

இம்ப்ளான்ட்டின் பலம் எங்கிருந்து வருகிறதோ, அங்கிருந்துதான் அதன் பலவீனமும் வருகிறது. 1952-இல் சுவீடனின் லுண்ட் நகரில் பெர்-இங்வார் பிரானமார்க் என்ற ஆய்வாளர், முயலின் எலும்புக்குள் இரத்த ஓட்டத்தைக் கவனிப்பதற்காக டைட்டானியத்தால் ஆன சிறு கருவிகளைப் பொருத்தினார். ஆய்வு முடிந்து அவற்றை எடுக்கப் பார்த்தபோது எடுக்க வரவில்லை. எலும்பு அந்த உலோகத்தோடு ஒட்டி வளர்ந்திருந்தது. இந்த ஒட்டுதலை நம்பித்தான் 1965-இல் யோஸ்டா லார்சன் என்பவரின் கீழ்த்தாடையில் அவர் டைட்டானியம் வேர்களைப் பதித்தார். இன்று உலகம் முழுவதும் நடக்கும் சிகிச்சைக்கு அதுவே தொடக்கம். ஆனால் எலும்போடு நேரடியாக ஒட்டிக்கொள்வது என்றால், இயற்கைப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே இருக்கும் ஒன்றை இழப்பது என்றும் பொருள். பல்லின் வேரைச் சுற்றி ஏறக்குறைய 0.2 மி.மீ. தடிப்பில் நார்த்திசுவால் ஆன ஒரு சவ்வு இருக்கிறது. பல் எலும்பில் அறைந்து வைக்கப்படவில்லை. இந்த நார்களில் தொட்டில் போலத் தொங்குகிறது.

அந்த மெல்லிய சவ்வு இரண்டு வேலைகளைச் செய்கிறது. ஒன்று, அதிர்வைத் தாங்குவது. கடிக்கும்போது இயற்கைப் பல் மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு கீழே அமுங்கும். இம்ப்ளான்ட் ஆயிரத்தில் சில பங்கு மட்டுமே அசையும். பக்கத்துப் பற்கள் வழிவிடும்போது இது விறைத்து நிற்பதால், கேப்பின் உயரம் கொஞ்சம் கூடியிருந்தாலும் சுமை முழுவதும் இதன் தலையில்தான் விழும். இரண்டாவது வேலை, உணர்வது. சோற்றில் ஒரு மணற்பொடி கிடந்தால் பல் அதைக் கண்டுபிடித்துத் தாடையை அக்கணமே நிறுத்திவிடுகிறது. சவ்வில் இருக்கும் நரம்பு முனைகள்தான் அந்தக் காவலாளிகள். இம்ப்ளான்ட்டில் அவர்கள் இல்லை. எலும்பு வழியாகவும் தசை வழியாகவும் ஓரளவு உணர்வு வந்தாலும், இயற்கைப் பல்லின் கூர்மை வராது. ஆகவே இம்ப்ளான்ட்டில் கடிப்பவர் தாம் எவ்வளவு அழுத்திக் கடிக்கிறோம் என்பதை முழுதாக அறிவதில்லை. வலிக்காது என்பதால் அது பத்திரமாக இருக்கிறது என்று நினைத்துவிடுகிறோம். வலி என்பது பல் நமக்குச் செய்துவந்த ஓர் உதவி. இம்ப்ளான்ட் போட்ட பிறகு அந்த உதவி இல்லாமல் வாழப் பழக வேண்டியிருக்கிறது.

சரி, அழுத்திக் கடித்தாலும் உலோகம் தாங்காதா? ஒரு முறை என்றால் தாங்கும். கடைவாய்ப் பல்லால் பலமாகக் கடிக்கும்போது 50 கிலோ எடைக்கு நிகரான விசைகூட வரலாம். நல்ல இம்ப்ளான்ட் அதையும் தாங்கக்கூடியதுதான். சிக்கல், அது திரும்பத் திரும்ப வருவதில் இருக்கிறது. கட்டடத்தில் கம்பி கட்டுகிறவர் கையில் வெட்டுக்கருவி இல்லாதபோது என்ன செய்கிறார்? கட்டுக்கம்பியை ஒரே இடத்தில் இப்படியும் அப்படியும் வளைக்கிறார். இழுத்து அறுக்க முடியாத கம்பி நாலைந்து வளைப்பில் தானே துண்டாகிறது. அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பது உலோகத்துக்கும் பொருந்தும். 1842 மே மாதம் பிரான்சில் வெர்சாயிலிருந்து பாரிசுக்குத் திரும்பிய ரயிலின் எஞ்சின் அச்சு முறிந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, நன்றாக ஓடிக்கொண்டிருந்த அச்சு எப்படி முறியும் என்று பொறியாளர்கள் திகைத்தார்கள். பிரஷ்ய ரயில்வேயில் பணியாற்றிய ஆகஸ்ட் வோலர் 1850-களிலும் 60-களிலும் பல ஆண்டுகள் செய்த சோதனைகளில் விடை கிடைத்தது. ஒரே தடவையில் உடைக்கத் தேவையான சுமையைவிட மிகக் குறைந்த சுமையும், லட்சக்கணக்கான முறை வந்தால் உலோகத்தை உடைத்துவிடும். இதற்குத்தான் உலோகச் சோர்வு என்று பெயர். வோலர் இன்னொன்றையும் கண்டார். சுமை ஒரு வரம்புக்குக் கீழே இருந்தால், எத்தனை முறை வந்தாலும் அச்சு முறிவதில்லை. இம்ப்ளான்ட்டைப் பற்றிய எல்லா நம்பிக்கையும் இந்த இரண்டாவது கண்டுபிடிப்பில்தான் இருக்கிறது.

வாயிலிருந்து எடுத்த முறிந்த இம்ப்ளான்ட்டின் முறிவு முகத்தை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் இந்தக் கதையை அப்படியே படிக்கலாம். ஓர் ஓரத்தில், பெரும்பாலும் மரையின் பள்ளம் ஒன்றில், விரிசல் தொடங்கிய புள்ளி தெரியும். அங்கிருந்து ஈர மணலில் அலை பின்வாங்கும்போது விட்டுச்செல்லும் கோடுகளைப் போல வரிவரியாக நுண்ணிய தடங்கள் உள்நோக்கிப் போகும். விரிசல் கொஞ்சம் கொஞ்சமாக முன்னேறி வந்த தடங்கள் அவை. எதிர் ஓரத்தில் மட்டும் ஒரு சிறு பகுதி, வரிகள் இல்லாமல் பிய்த்தெடுத்ததுபோல் கரடுமுரடாக இருக்கும். கடைசி நாளில் உடைந்தது அந்தப் பகுதி மட்டுமே. மற்ற இடமெல்லாம் அதற்கு முன்பே விட்டுப்போயிருந்தது. அன்றைக்குச் சாப்பிட்டது சோறாக இருந்தால் என்ன, முறுக்காக இருந்தால் என்ன, மிச்சம் இருந்த அந்தத் துணுக்கைத்தான் அது எதிர்கொண்டது.

உலோகத்தை உண்மையில் சோரவைப்பது எது? நேராகக் கீழே அழுத்தும் விசையை இம்ப்ளான்ட் எளிதில் தாங்கும். அதன் எதிரி வளைக்கும் விசை. கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு இயற்கை இரண்டு வேர்களை அகல விரித்து வைத்திருக்கிறது. அந்த இடத்தில் ஒரே ஒரு ஒல்லியான தண்டை நட்டு, மேலே அகலமான கேப்பை வைத்தால், ஓரத்தில் விழும் ஒவ்வொரு கடியும் தண்டை ஒரு பக்கமாக வளைக்கப் பார்க்கும். தாங்க ஆளில்லாமல் பால்கனி போல ஒரு பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் பல்லைச் சேர்த்துக் கட்டினால் வளைப்பு இன்னும் கூடும். 1995-இல் போ ராங்கெர்ட்டும் அவருடைய சகாக்களும் இம்ப்ளான்ட் முறிந்த 39 நோயாளிகளின் விவரங்களை அலசினார்கள். நூற்றுக்குத் தொண்ணூறு முறிவுகள் வாயின் பின்பகுதியில் நடந்திருந்தன. பெரும்பாலான பல்கட்டுகள் ஒன்றிரண்டு இம்ப்ளான்ட்டுகளை மட்டுமே நம்பி நின்றன. அவற்றோடு நீட்டுப் பல்லும், பல்லை நறநறவென்று கடிக்கும் பழக்கம் அல்லது மிகுந்த கடிவிசையும் சேர்ந்திருந்தன. இங்கே தடிப்பு பெரிய வித்தியாசத்தைச் செய்கிறது. திண்ம உருளை என்று வைத்துக் கணக்கிட்டால், வளைப்பைத் தாங்கும் பலம் விட்டத்தின் மும்மடியைப் பொறுத்தது. 3.75 மி.மீ. விட்டம் 5 மி.மீ. ஆனால் பலம் இரண்டு மடங்குக்கும் மேல் கூடிவிடும். உள்ளே திருகாணிக்காகக் குடைந்திருப்பதால், ஒல்லியான இம்ப்ளான்ட்டின் சுவர் இன்னும் மெலிந்துவிடுகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அந்தத் திருகாணியைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். அரிசியைவிடச் சற்றே நீளமான அதைப் பல் மருத்துவர் கைமதிப்பில் முடுக்குவதில்லை. டார்க் ரெஞ்ச் என்னும் கருவியை வைத்து, தயாரிப்பாளர் குறித்த அளவுக்கு, பல வகைகளில் 30 முதல் 35 நியூட்டன் சென்டிமீட்டர் வரை, முடுக்குகிறார். அப்போது திருகாணி ஒரு சுருள்வில்லைப் போல மிக நுட்பமாக இழுபடுகிறது. சுருங்கத் துடிக்கும் அந்த இழுவைதான் தண்டையும் வேரையும் இறுகப் பிடித்து வைக்கிறது. முடுக்கிய சில நிமிடங்களில் மரைகளின் நுண்ணிய மேடுகள் நசுங்கிப் படிந்து இறுக்கம் கொஞ்சம் குறையும். அதனால்தான் பத்து நிமிடம் கழித்து மறுபடி ஒருமுறை முடுக்கச் சொல்கிறார்கள். டயர் மாற்றிய பிறகு கொஞ்சத் தூரம் ஓட்டிவிட்டு நட்டுகளை மீண்டும் முடுக்குவதும் இதே காரணத்துக்காகத்தான். இறுக்கம் இருக்கும்வரை தண்டும் வேரும் ஒரே உடலாகச் சுமையைத் தாங்கும். அது போய்விட்டால் ஒவ்வொரு கடிக்கும் தண்டு உள்ளே அசைந்து, திருகாணியையும் வேரின் மெல்லிய சுவரையும் மாறி மாறி வளைக்கும். கட்டுக்கம்பி கதை அங்கேதான் ஆரம்பமாகிறது. பல் லேசாக ஆடுவது, கடிக்கும்போது ‘கிளிக்’ என்று ஓர் உணர்வு, முன்பில்லாமல் உணவு போய்ச் சிக்குவது, ஓரத்தில் கெட்ட சுவை ஆகியவை அது அனுப்பும் செய்திகள். வலி இல்லையே என்று இவற்றைத் தள்ளிப்போடுவதுதான் பெரிய தவறு. தளர்ந்ததை மறுபடி முடுக்கி அனுப்பிவிட்டு, ஏன் தளர்ந்தது என்று பார்க்காமல் விடுவதும் அதே அளவு தவறு.

இன்னொரு எச்சரிக்கை எலும்பு இறங்குவது. இம்ப்ளான்ட்டைச் சுற்றி அழுக்குப் படிந்து, ஈறு வீங்கி, கிருமித் தொற்றால் எலும்பு கரைந்தால், நிலத்தில் நட்ட கம்பத்தின் அடிமண் அரிக்கப்பட்டது போலாகிவிடும். வெளியே நீட்டியிருக்கும் நீளம் கூடக் கூட, அதே கடி அதிக வளைப்பைத் தரும். எலும்பின் விளிம்பு உள்திருகாணி முடியும் மட்டத்துக்கு இறங்கிவிட்டால், வளைப்பின் உச்சம் வேரின் பலவீனமான இடத்திலேயே வந்து விழும். இது நடக்கக்கூடியது என்று தெரிந்தே இம்ப்ளான்ட்டைச் சோதிக்கிறார்கள். ஐ.எஸ்.ஓ. 14801 என்ற சர்வதேசத் தரவிதியின்படி, இம்ப்ளான்ட்டை 30 டிகிரி சாய்த்து, எலும்பு 3 மி.மீ. இறங்கிவிட்டதாக வைத்துப் பொருத்தி, உலர்ந்த நிலையில் 50 லட்சம் முறை அழுத்திப் பார்க்கிறார்கள். ஒரு பல் நாளைக்கு ஆயிரம் முறை மெல்லுகிறது என்று வைத்துக்கொண்டால், 50 லட்சம் என்பது சுமார் 14 ஆண்டு வேலை. இந்தச் சோதனை ஆய்வகத்தில் நடப்பது. சர்க்கரை நோயும், புகைப்பழக்கமும், சரியாகத் துலக்காத ஈறும் அங்கே இல்லை. 3 மி.மீ.க்கு மேல் எலும்பு போய்விட்டால், சோதனை தந்த உறுதியையும் நாம் தாண்டிவிட்டோம் என்று பொருள்.

இவையெல்லாம் ஊகம் அல்ல என்பதற்குப் பெரிய சான்று சுவீடனிலிருந்தே வந்தது. 2018-இல் வெளியான ஓர் ஆய்வில் 10,099 இம்ப்ளான்ட்டுகளின் பதிவுகளைப் பார்த்தார்கள். முறிந்தவை 44. முறிவதற்குச் சராசரியாக ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. பல் கடிக்கும் பழக்கம் உள்ளவர்களிடம் முறிவின் வாய்ப்பு பல மடங்கு கூடியிருந்தது. நீட்டுப் பல்லுக்கு அடுத்து நின்றவற்றில் கூடுதலாக இருந்தது. விட்டம் கூடியபோது வெகுவாகக் குறைந்தது. உயர்தர டைட்டானியத்தில் குறைந்தது. நீளம் கூடியபோதோ குறையவில்லை, கூடியது. இந்தக் கடைசி விவரத்தைக் கவனிக்க வேண்டும். நீளமாக இறக்கினால் பலம் என்று பலர் நினைக்கிறார்கள். நீளம் எலும்பில் பிடிப்பைத் தரலாம். வளைப்பைத் தாங்குவதற்குத் தேவை தடிப்பும், எண்ணிக்கையும், சுமையை நேராக இறக்கும் அமைப்பும்தான்.

இதற்கு மறுப்புகள் வரும். பொருளின் தரமே காரணம் என்பது முதல் மறுப்பு. அதில் உண்மை இருக்கிறது. மேலே சொன்ன ஆய்வே உலோகத்தின் தரத்துக்குப் பங்கு உண்டு என்கிறது. ஒரு நிறுவனத்தின் வேருக்குப் பொருந்தாத வேறொரு தண்டையோ திருகாணியையோ செலவு குறையும் என்று மாட்டினால், கண்ணுக்குத் தெரியாத இடைவெளி விழுந்து தளர்வு சீக்கிரம் வரும். ஆனால் தரம் வரம்பை உயர்த்தத்தான் முடியும், நீக்க முடியாது. நல்ல இம்ப்ளான்ட்டைத் தவறான இடத்தில் தவறான எண்ணிக்கையில் வைத்தால் அதுவும் சோரும். அப்படியானால் இன்னும் பலமான பொருளைத் தேடலாமே என்றால், தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். டைட்டானியத்தோடு சிர்கோனியம் கலந்த உலோகம் ஒல்லியான இம்ப்ளான்ட்டுக்குக் கூடுதல் பலம் தருகிறது. முழுவதும் சிர்கோனியாவால் ஆன வெள்ளை இம்ப்ளான்ட்டுகளும் இருக்கின்றன. ஆனால் சிர்கோனியா பீங்கான் இனத்தைச் சேர்ந்தது. கடினமானது, ஆனால் நெளிந்து கொடுக்காது. அதில் விரிசல் விழுந்தால் அறிகுறி காட்ட அவகாசம் மிகக் குறைவு.

இரண்டாவது மறுப்பு மருத்துவர்கள் தரப்பிலிருந்து வரும். தூக்கத்தில் பல்லைக் கடிப்பது நோயாளி. அதற்குச் சிகிச்சை தந்தவர் எப்படிப் பொறுப்பாவார்? பல் கடிக்கும் பழக்கத்தை உறுதியாக அளப்பது கடினம் என்பதும், பல ஆய்வுகள் நோயாளி சொல்வதையும் பல் தேய்மானத்தையும் வைத்தே முடிவுக்கு வருகின்றன என்பதும் உண்மை. ஆயினும் தூங்குகிறவரைக் குற்றம் சொல்வதில் பயனில்லை. அவருக்கு அது தெரியவே தெரியாது. தேய்ந்த பற்கள், புடைத்த தாடைத் தசை, காலையில் கன்னத்தில் வலி, பக்கத்தில் படுப்பவர் கேட்கும் சத்தம் என்று முன்னமே கிடைக்கும் தடயங்களை விசாரித்து, அதற்கேற்ப இம்ப்ளான்ட்டின் தடிப்பையும் எண்ணிக்கையையும் கேப்பின் வடிவத்தையும் தீர்மானிப்பது திட்டமிடுகிறவரின் வேலை. இரவில் மாட்டிக்கொள்ளும் நைட் கார்டைத் தவறாமல் மாட்டுவதும், ஈறைச் சுத்தமாக வைத்திருப்பதும், அழைத்த தேதியில் போவதும் நோயாளியின் வேலை. பொறுப்பு இருவருக்கும் உண்டு, ஆனால் முதலில் பேச வேண்டியவர் மருத்துவர்தான். கேட்கத் தெரியாத கேள்வியை நோயாளி எப்படிக் கேட்பார்?

ஆயிரத்தில் நாலைந்துக்கு இவ்வளவு பேச்சா என்பது மூன்றாவது மறுப்பு. எண்ணிக்கை சிறியதுதான், அந்தச் சிலருக்கு நேர்வது சிறியதல்ல. எலும்போடு ஒட்டிய வேரின் கீழ்ப்பாதி உள்ளேயே நின்றுவிட்டால், உருளை வடிவ ரம்பத்தால் சுற்றியுள்ள எலும்பையும் சேர்த்து அறுத்து எடுக்க வேண்டியிருக்கும். பிறகு அந்தப் பள்ளம் ஆற வேண்டும், சில நேரம் எலும்பு ஒட்டு வைக்க வேண்டும். அல்லது தொந்தரவு தராத துண்டை அப்படியே மூடிவிட்டு வேறு வழி தேட வேண்டும். இத்தனைக்கும் முன்னால் ஒரு திருகாணி தளர்ந்திருந்தது, அரைமணி நேரத்தில் அதைக் கவனித்திருக்கலாம் என்பதை நினைத்தால்தான் மனம் கனக்கிறது. மேலும், இம்ப்ளான்ட் போட்டுக்கொள்பவர்கள் பெருகுகிறார்கள், போட்ட பிறகு நீண்ட காலம் வாழ்கிறார்கள். சோர்வு என்பது ஆண்டுகளின் கணக்கு. அரிதானது என்று இன்று சொல்வது, இருபது ஆண்டு கடந்த இம்ப்ளான்ட்டுகள் பெருகும்போது அதே அளவில் நிற்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

இதனால் இம்ப்ளான்ட்டே வேண்டாம் என்று யாரும் பயப்படத் தேவையில்லை. போடும் முன் சில கேள்விகளைக் கேட்டால் போதும். எத்தனை பல்லுக்கு எத்தனை இம்ப்ளான்ட், என்ன விட்டம், நீட்டுப் பல் ஏதும் உண்டா, நான் பல் கடிப்பவரா, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை வர வேண்டும்? போட்ட பிறகு நிறுவனத்தின் பெயர், வகை, விட்டம், நீளம், தொகுதி எண் எழுதிய அட்டையை வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஊர் மாறினாலும் மருத்துவர் மாறினாலும், பொருத்தமான திருகாணியைத் தேட அந்த அட்டை வேண்டும். சோதனைக்குப் போகும்போது எக்ஸ்ரேயைப் பழைய படத்தோடு ஒப்பிட்டு, எலும்புக்கு மேலே எத்தனை மரைகள் தெரிகின்றன என்று கேளுங்கள். போன தடவை ஒன்று, இந்தத் தடவை மூன்று என்றால், வலி இல்லாவிட்டாலும் அது உடனே கவனிக்க வேண்டிய செய்தி.

1965-இல் இந்த வகை இம்ப்ளான்ட்டை முதன்முதலாகப் பெற்ற யோஸ்டா லார்சன், 2006-இல் இறக்கும்வரை அதே டைட்டானியம் வேர்களால்தான் மென்றார். நாற்பது ஆண்டுகளுக்கும் மேல். இன்றைய நுட்பங்கள் எதுவும் அன்று இல்லை, உலோகமும் இன்றுள்ள அளவு மேம்பட்டதல்ல. அவருக்கு அவற்றைப் பதித்தவர்களும் பராமரித்தவர்களும் விடாமல் கவனித்து வந்தார்கள். வோலர் சொன்ன வரம்புக்குக் கீழே சுமையை வைத்திருந்தால் உலோகம் சோர்வதில்லை. அந்த வரம்பு எங்கே என்று நம் வாய் நமக்குச் சொல்லாது. மருத்துவரின் திட்டமும், ஆறு மாதத்துக்கோ ஓர் ஆண்டுக்கோ ஒருமுறை பார்க்கும் எக்ஸ்ரேயும், லேசாக ஆடிய பல்லை அன்றைக்கே காட்டும் பழக்கமும்தான் சொல்ல வேண்டும்.